மரம் விழுந்தால் கண்ணாடி ஆடும்

காலேஜில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் நாலு கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்குத் திரும்பி வரும் ஓர் அம்பு வரைந்து மார்க் வாங்கியவன் நான். அந்த அம்புக்குப் பெயர் ஃபீட்பேக். அது எதுக்குன்னு சத்தியமா அப்போ புரியல. அந்த அம்பு ஒரு ஆய்வுக்கூடத்தைக் காப்பாத்தின கதைதான் இன்னைக்கு.

அமெரிக்காவில் லைகோவுக்கு இரண்டு ஆய்வுக்கூடங்கள். ஒன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில், இன்னொன்று லூசியானாவின் லிவிங்ஸ்டனில். ஒவ்வொன்றிலும் 4 கிலோமீட்டர் நீளக் குழாய்கள் இரண்டு. உள்ளே கண்ணாடிகளுக்கு நடுவே லேசர் போய் வந்துகொண்டே இருக்கும். எங்கேயோ இரண்டு கருந்துளைகள் மோதினால், அதில் கிளம்பும் ஈர்ப்பலை அந்த நீளத்தைக் கொஞ்சம் மாற்றும். எவ்வளவு கொஞ்சம்? ஒரு புரோட்டானைவிடப் பல நூறு மடங்கு சின்ன அளவு.

லிவிங்ஸ்டனைச் சுத்தி பைன் மரக் காடு. மரத்துக்காகவே வளர்த்து வெட்டுற காடு. மரம் விழும், பெரிய வண்டிகள் ஓடும், தரை அதிரும்.

இதை யோசிக்காமலா கட்டினாங்க? கண்ணாடிகளுக்குக் கீழே ஸ்பிரிங், எடை, மறுபடி ஸ்பிரிங், எடை என்று அடுக்கு வைத்திருந்தார்கள். வேகமான அதிர்வை அது நல்லா விழுங்கும். ஆனா ஊஞ்சல் மாதிரி, ஸ்பிரிங்குக்கும் சொந்தமா ஒரு தாளம் உண்டு. அதே தாளத்தில் தள்ளினா ஆட்டம் குறையாது, கூடும். அந்த அடுக்கின் தாளமும் மரம் வெட்டும் அதிர்வின் தாளமும் கிட்டத்தட்ட ஒண்ணு: நொடிக்கு 1 முதல் 3 தடவை. கண்ணாடி ஆடினா லேசர் நிலை குலையும், அளவீடு நின்னு போகும். பகல் நேரத்தில் லிவிங்ஸ்டனை ஓட்டுவது பெரும்பாடாகிவிட்டது. ஒரு கூடம் நின்றால் இன்னொன்றுக்கும் நஷ்டம்தான். ஏன்னா, இரண்டிலும் தெரிந்தால்தான் சிக்னலை நம்பலாம்.

2004-ல் தீர்வு வந்தது. அடுத்த தலைமுறை லைகோவுக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு ஹைட்ராலிக் அமைப்பை லிவிங்ஸ்டனில் முன்கூட்டியே பொருத்தினார்கள். தரையிலும் மேடையிலும் சென்சார்கள். தரை வலப்பக்கம் நகர்ந்தா, அதே அளவு மேடையை இடப்பக்கம் தள்ளு. மிச்சம் எவ்வளவு ஆடுதுன்னு அள, திருத்து, மறுபடி அள. பரீட்சையில் நான் வரைந்த அம்பு இதுதான்.

கேட்க ஈஸியா இருக்கு இல்ல? பாத்ரூமில் கீசர் குழாயைத் திருகிப் பாருங்க. சூடு வரத் தாமதமாகுதுன்னு இன்னும் திருகுவோம், திடீர்னு கொதிக்கும், பதறி மூடுவோம், உடனே ஜில்லுன்னு ஆகும். தாமதமாகத் திருத்துகிற ஃபீட்பேக் ஆட்டத்தை அடக்காது, வளர்க்கும். இன்னொரு சிக்கலும் இருந்தது. மேடை லேசாகச் சாய்ந்ததா, பக்கவாட்டில் வேகம் எடுத்ததா என்று சென்சாரால் பிரித்துச் சொல்ல முடியாது. ஈர்ப்பும் முடுக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும் என்பது ஐன்ஸ்டைன் சொன்னது. அவர் கணித்த அலையைப் பிடிக்கப் போனவங்களுக்கு அவர் தத்துவமே முட்டுக்கட்டை!

அதையும் சமாளித்தார்கள். லிவிங்ஸ்டன் பகலிலும் ஓடியது. மேம்படுத்தின லைகோவில் ஒரு ஃபீட்பேக் அடுக்குக்கு மேல இன்னொண்ணு வைத்து, அதிலிருந்து நாலு நிலை ஊசலில் 40 கிலோ கண்ணாடியைத் தொங்கவிட்டார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலை சிக்கியது. அப்போ லிவிங்ஸ்டனில் விடியற்காலை 4.50 மணி.

மரம் வெட்டாத நேரம்தானே, பழைய அடுக்கே போதாதான்னு நீங்க கேட்கலாம். போதாது. கடலலை மோதுற அதிர்வு ராத்திரியும் தரையை ஆட்டிக்கிட்டேதான் இருக்கும். அதோட, எல்லாச் சிக்னலும் விடியற்காலையில் வராது. 2017 ஆகஸ்ட் 17-ல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை வந்தப்போ லிவிங்ஸ்டனில் வியாழக்கிழமை காலை 7.41. வேலை நாள்.

சுமார் 13 கோடி வருஷம் பயணம் செய்து வந்த அலை அது. நமக்குக் கேட்டது 100 நொடி மாதிரி. அந்த 100 நொடியும் கண்ணாடியை ஆடாம பிடிச்சு வெச்சிருந்ததில், நான் புரியாம வரைஞ்ச அந்த அம்புக்கும் பங்கு உண்டு. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.