ஆதித் திருச்சபையின் முதல் வேதபோதகர்கள்

பொன்விழா என்றதும் நாம் எல்லோரும் முதலில் தேடுவது பெயர்களைத்தான். நம் பங்கை நடத்திய சுவாமிமார்கள் யார் யார், கோவிலுக்கு அடிக்கல் நாட்டிய ஆயர் யார், மணி வாங்கிக் கொடுத்த புண்ணியவான் யார் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறோம். இம்மலரிலும் அப்பெயர்கள் முறையாக இடம் பெற்றுள்ளன. நன்றியுள்ள பிள்ளைகளுக்கு அது கடமை.

ஆனால் பெயர்களைத் தொகுத்து முடித்தபோது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. முதல் சுவாமியார் இங்கு வந்து தங்குவதற்கு முன்பே இவ்வூரில் விசுவாசிகள் சில குடும்பங்கள் இருந்தன அல்லவா? அவர்களுக்கு இயேசுவின் பெயரை முதன்முதலில் சொன்னது யார்? பதிவேட்டில் விடை இல்லை. பெரியவர்களைக் கேட்டோம், அவர்களுக்கும் தெரியவில்லை.

இந்தக் கேள்வியோடுதான் இவ்வாண்டு நாங்கள் அப்போஸ்தலர் பணி நூலைப் படிக்கத் தொடங்கினோம். ஆதித் திருச்சபையிலும் இதே நிலைதான் என்று கண்டபோது முதலில் வியப்பும், பிறகு பெரிய ஆறுதலும் அடைந்தோம். அந்த வரலாற்றைப் பங்கு மக்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எருசலேமில் எழுந்த முணுமுணுப்பு

பெந்தெகோஸ்தே நாளில் பிறந்த திருச்சபை சில ஆண்டுகள் எருசலேம் நகரத்துக்குள்ளேயே வளர்ந்தது. அதில் இருந்த எல்லோருமே யூதர்கள். ஆனாலும் எல்லோரும் ஒரே மொழி பேசியவர்கள் அல்லர். உள்ளூரார் அரமேயம் பேசினார்கள். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்து எருசலேமில் குடியேறியவர்கள் கிரேக்கம் பேசினார்கள். அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழியினர் முணுமுணுத்தார்கள்.

திருச்சபையின் முதல் உட்பூசல் மறைபொருளைப் பற்றியதன்று, சோற்றைப் பற்றியது! அப்போஸ்தலர்கள் அதை அற்பம் என்று தள்ளிவிடவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அப்பணியை ஒப்படைத்தார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களிடமே பொறுப்பைக் கொடுத்த அந்தப் பெருந்தன்மை நாம் கற்க வேண்டிய முதல் பாடம்.

எழுவருள் முதல்வர் முடியப்பர். அவர் கல்லால் எறிந்து கொல்லப்பட்டுத் திருச்சபையின் முதல் வேதசாட்சியானார். அதைத் தொடர்ந்து எருசலேமில் பெரும் கலாபனை மூண்டது. அப்போஸ்தலர்கள் நகரில் தங்கினார்கள். மற்றவர்கள் யூதேயா, சமாரியா நாடுகளுக்குச் சிதறிப் போனார்கள். அவர்கள் போன இடமெல்லாம் நற்செய்தியும் போயிற்று. எழுவருள் மற்றொருவரான பிலிப்பு சமாரியாவில் போதித்தார். காசாவுக்குப் போகும் வழியில் எத்தியோப்பிய அரசியின் அலுவலர் ஒருவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்.

முதல் வேதபோதகர்கள் எந்த மேடையிலிருந்தும் வழியனுப்பப்பட்டவர்கள் அல்லர். உயிர் தப்ப ஓடியவர்கள்; வீடு வாசலை விட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய சாதாரண மக்கள். ஓடிய இடத்தில் வாய் மூடி இருந்திருந்தால் அவர்களை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் வாய் மூடவில்லை.

அந்தியோக்கியாவில் வாய் திறந்தவர்கள்

சிதறியவர்களில் சிலர் பெனிக்கே, சைப்ரஸ் தீவு, அந்தியோக்கியா வரை சென்றார்கள். எருசலேமுக்கு வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில், ஒரோந்தஸ் ஆற்றங்கரையில் இருந்தது அந்தியோக்கியா. கி.மு. 300-இல் செலூக்கஸ் மன்னன் நிறுவிய நகரம் அது. உரோமைப் பேரரசில் உரோமைக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்தபடியாக அதைச் சொல்வார்கள். கிரேக்கர், சிரியர், யூதர் என்று பல இனத்தாரும் நெருங்கி வாழ்ந்த வணிக நகரம்.

அங்கு வந்தவர்களும் முதலில் யூதர்களுக்கு மட்டுமே நற்செய்தி சொன்னார்கள். தம் இனத்தாரோடு பேசுவது எவருக்கும் எளிதல்லவா? ஆனால் சைப்ரஸ் தீவையும், இன்றைய லிபியாவில் உள்ள சிரேனே நகரையும் சேர்ந்த சிலர், கிரேக்கர்களிடமும் பேசத் துணிந்தார்கள். பெருந்தொகையான மக்கள் மனந்திரும்பினார்கள்.

இந்தச் சிலர் யார்? லூக்காஸ் அவர்களுடைய பெயர்களைச் சொல்லவில்லை. எத்தனை பேர், என்ன தொழில் செய்தார்கள், எப்படி இறந்தார்கள் என்று ஒன்றும் இல்லை. ஒரு வாக்கியத்தில் வந்து, மறு வாக்கியத்தில் மறைந்துவிடுகிறார்கள். அந்தியோக்கியாவின் முதல் ஆயராக மரபு போற்றுவது இராயப்பரை. அது தகும். ஆயினும் அவர் அந்நகருக்குச் சென்றபோது அவரை வரவேற்க அங்கே ஒரு சபை இருந்தது என்றால், அதற்குக் காரணம் இந்தப் பெயர் தெரியாதவர்களே.

செய்தி எருசலேமுக்கு எட்டியது. அங்கிருந்து பர்னபாவை அனுப்பினார்கள். தம் நிலத்தை விற்று அப்போஸ்தலர்களின் காலடியில் பணத்தை வைத்த அதே பர்னபா, அவரும் சைப்ரஸ்காரர். ‘யாருடைய அனுமதியோடு இதைச் செய்தீர்கள்?’ என்று அவர் அதட்டவில்லை. கடவுளின் அருள் அங்கே வேலை செய்வதைக் கண்டு மகிழ்ந்தார். வேலை மிகுதி என்று கண்டு தார்சு நகருக்குப் போய் ஒருவரைத் தேடி அழைத்து வந்தார். அவர்தாம் சவுல், பின்னாளில் நம் சின்னப்பர். முடியப்பரைக் கொன்றவர்களின் மேலாடைகளுக்குக் காவல் நின்ற அதே இளைஞர்! முடியப்பரின் சாவால் விரட்டப்பட்ட மக்கள் தொடங்கிய சபையில், அச்சாவுக்கு உடன்பட்டவரே ஓராண்டு முழுவதும் போதித்தார். அவரை அவர்கள் ஏற்றுக்கொண்டார்களே, அந்த மன்னிப்பை எண்ணிப் பாருங்கள்.

அந்த நகரத்தில்தான் நம்மவர்களுக்குக் ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பெயர் முதன்முதல் வழங்கிற்று. ‘கத்தோலிக்கத் திருச்சபை’ என்னும் சொற்றொடரை நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளில் முதன்முதல் எழுதியவரும் அந்தியோக்கியாவின் ஆயரே. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமைக்கு வேதசாட்சியாகக் கொண்டு செல்லப்பட்ட புனித இஞ்ஞாசியார் அவர். நமக்கு இவ்விரண்டு பெயர்களையும் தந்த சபை, தன்னைத் தொடங்கியவர்களின் பெயரை அறியாத சபை.

பஞ்சம் வந்தபோது யூதேயாவிலிருந்த சகோதரர்களுக்கு அவரவர் சக்திக்கேற்பப் பணம் திரட்டி அனுப்பியதும் அந்தியோக்கியாதான். கி.பி. 46 வாக்கில் நோன்பிருந்து செபித்து, பர்னபா, சவுல் இருவர்மேலும் கைகளை விரித்து அவர்களைச் சைப்ரசுக்கும் சின்ன ஆசியாவுக்கும் அனுப்பியதும் அந்தியோக்கியாதான். அகதிகள் தொடங்கிய சபை சில ஆண்டுகளுக்குள் உதவி அனுப்பும் சபையாகவும் போதகர்களை அனுப்பும் சபையாகவும் ஆயிற்று.

பந்தியில் வந்த சோதனை

புறவினத்தார் பெருகியதும் பெரிய கேள்வி ஒன்று எழுந்தது. இவர்கள் விருத்தசேதனம் செய்துகொண்டு யூதராக மாறிய பின்தான் கிறிஸ்தவராக வேண்டுமா? கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய சங்கம் இதை ஆராய்ந்தது. இராயப்பர் பேசினார், யாகப்பர் முடிவு கூறினார். அந்தச் சுமையைப் புறவினத்தார்மேல் ஏற்றலாகாது என்று தீர்மானித்தார்கள்.

தீர்மானம் எழுதுவது வேறு, அதன்படி நடப்பது வேறு என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றைச் சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் காண்கிறோம். அந்தியோக்கியாவில் யூதரும் புறவினத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். அங்கு வந்த இராயப்பரும் அவர்களோடு அமர்ந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி மெல்ல விலகிக்கொண்டார். மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் விலகினார்கள். பர்னபாகூட விலகினார்!

‘உணவு தானே, இது ஒரு பெரிய காரியமா?’ என்று நாம் கேட்கலாம். அக்காலத்தில் கோவில் கட்டிடங்கள் இல்லை, வீடுகளில் கூடினார்கள், ஆண்டவரின் திருவிருந்தும் பொது உணவும் இணைந்தே நடந்தன. பந்தி பிரிந்தால் பலிபீடமே பிரிந்ததாகும். ஆகவே சின்னப்பர் எல்லோர் முன்னிலையிலும் இராயப்பரை முகத்துக்கு நேரே கண்டித்தார். இந்தச் செய்தியைத் திருச்சபை மறைக்கவில்லை. தன் திருநூலிலேயே வைத்துப் படித்து வருகிறது. தலைமை அப்போஸ்தலருக்கும் தடுமாற்றம் நேரலாம். திருத்திக் கொள்வதில் இழிவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதைப் படித்தபோது நாங்கள் தலை குனிந்தோம். தமிழகத் திருச்சபையில் ஒரே கோவிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து உட்கார வைத்த காலம் உண்டு. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய ஊர்களும் உண்டு. இது வெளியார் சுமத்தும் பழியன்று, நம் குற்றம். அந்தியோக்கியாவில் சின்னப்பர் எழுந்து நின்று பேசியது நம்மை நோக்கியும்தான்.

உரோமையிலும் அப்படியே

உரோமைத் திருச்சபை இராயப்பர், சின்னப்பர் இருவருடைய இரத்தத்தின்மேல் எழுந்தது. நேரோ மன்னன் காலத்தில் இருவரும் அங்கே உயிர் கொடுத்தார்கள். ஆனால் கி.பி. 57 வாக்கில் சின்னப்பர் உரோமையருக்குத் திருமுகம் எழுதியபோது அவர் அந்நகரைப் பார்த்ததே இல்லை. அப்படியிருந்தும் அதன் இறுதியில் இருபதுக்கு மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அந்தச் சபையும் அதற்கு முன்பே இருந்தது. அதைத் தொடங்கியவர் யாரென்று திருநூல் கூறவில்லை.

அந்த வாழ்த்துப் பட்டியலை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். கூடாரம் தைத்துப் பிழைத்த பிரிஸ்காவும் அவர் கணவர் அக்கிலாவும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில்தான் ஒரு சபை கூடியது. சின்னப்பருக்கு முன்பே கிறிஸ்துவை அறிந்த அந்திரோனிக்கும் யூனியாவும் இருக்கிறார்கள். ஆண்டவருக்காகப் பெரிதும் உழைத்தார்கள் என்று மரியா, திரிபேனா, திரிபோசா, பெர்சீ என்ற நான்கு பெண்களைப் பாராட்டுகிறார். கெங்கிரேயாத் துறைமுகச் சபையில் தொண்டாற்றிய பெபேயாள் என்னும் பெண்மணியை முதலில் பரிந்துரைக்கிறார். அத்திருமுகத்தை உரோமைக்குக் கொண்டு போனவர் அவரே என்பது அறிஞர் பலர் கருத்து.

கி.பி. 112 வாக்கில் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டுத் திராயான் பேரரசனுக்குக் கடிதம் எழுதினான். உண்மையை அறிய, சபையில் திருத்தொண்டு புரிந்த இரண்டு அடிமைப் பெண்களை வதைத்ததாக அதில் கூறுகிறான். ஆளுநன் பெயர் நமக்குத் தெரியும். பேரரசன் பெயர் தெரியும். அந்த இரு பெண்களின் பெயர் தெரியாது. விண்ணக ஏட்டில் அது தலைகீழாகத்தான் இருக்கும்!

நம் நாட்டுக்கு வந்தால், புனித தோமையார் மயிலையில் இரத்தம் சிந்தினார் என்பது நாம் வழிவழியாகக் காத்துவரும் மரபு. 1542-இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசும் அறிந்த சிலரை உட்காரவைத்து, பல நாள் பாடுபட்டுச் செபங்களைத் தமிழில் ஆக்கிக்கொண்டதாக 1544-இல் எழுதிய கடிதத்தில் கூறுகிறார். சவேரியாரின் வாயில் தமிழ்ச் செபத்தை வைத்த அந்தச் சிலருக்கு எந்த ஊரில் சுரூபம் இருக்கிறது?

நாம் செய்ய வேண்டியது

அந்தியோக்கியா இன்று துருக்கி நாட்டில் அந்தாக்கியா என்று வழங்குகிறது. 2023 பிப்ரவரி 6-ஆம் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் அந்நகரம் நொறுங்கியது. இராயப்பர், சின்னப்பர் பெயரால் விளங்கிய கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோவிலும் இடிந்தது. கல்லும் சுண்ணாம்பும் நிலையானவை அல்ல. பெயர் தெரியாத அந்தச் சிலர் கொடுத்த விசுவாசமோ இரண்டாயிரம் ஆண்டு கடந்து நம் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவையாக நிற்கிறது.

ஆகவே பங்கு மக்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. பொன்விழாத் திருப்பலியில் இம்மலரில் பெயர் உள்ளவர்களுக்காக மட்டும் அல்ல, பெயர் இல்லாதவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வோம். சுவாமியார் இல்லாத நாட்களில் செபமாலை சொல்லிக் கொடுத்த பாட்டிமார், சம்பளம் பாராமல் ஊர் ஊராக நடந்த உபதேசியார்கள், கல் சுமந்த கூலிக்காரர்கள் எல்லோரும் அவர்களுள் அடங்குவர். அடுத்து, விழா நாளில் நடக்கும் பந்தியில், இதுவரை நாம் யாருக்கு அருகில் உட்கார்ந்ததில்லையோ அவருக்கு அருகில் உட்காருவோம்.

நூறாம் ஆண்டு மலர் வெளிவரும்போது நம்முள் பலருடைய பெயர் அதில் இராது. அதனால் குறையில்லை. அந்தியோக்கியாவின் அந்தச் சிலரைப் போல, யாரோ ஒருவர் இவர்களுக்குச் சொன்னார் என்ற அளவுக்கு நம் வாழ்வு அமைந்தால் போதும். அதற்கான வரத்தை இறைவன் நமக்கு அருள்வாராக!