கல்வெட்டிலிருந்து கைப்பேசி வரை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருவது குடவோலை முறைதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்த விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் காணலாம்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்படி ஒரு விதி!

ஆனால் பலரும் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகும் இன்னொரு பகுதி உண்டு. அது பிராமணர்களின் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். நிலமில்லாத உழைப்பாளிகளின் பெயரும் பெண்களின் பெயரும் அந்தக் குடத்தில் விழவில்லை. கல்வெட்டுதான் அந்தக் காலத்து அறிவிப்புப் பலகை. அதில் எதைப் பொறிப்பது என்பதையும் சபையாரே முடிவு செய்தார்கள்.

அச்சு வந்தது, வானொலி வந்தது. இந்த நிலை முழுதாக மாறியதா? சத்தீஸ்கரின் கோண்டி பழங்குடி மக்களை எடுத்துக்கொள்வோம். அவர்கள் மொழி தெரிந்த நிருபர்கள் அரிது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம். தனியார் வானொலியும் சமுதாய வானொலியும் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி இல்லை.

இதற்கு ஒரு வழி கண்டவர் பிபிசியில் பணியாற்றிய சுப்ரான்ஷு சவுத்ரி. 2010 இல் அவர் தொடங்கியது 'சிஜிநெட் ஸ்வரா'. ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கணினி திருப்பி அழைக்கும். எண் 1 ஐ அழுத்திச் செய்தி சொல்லலாம், 2 ஐ அழுத்தி மற்றவர் சொன்னதைக் கேட்கலாம். சொன்னதைச் சரிபார்த்த பிறகே வெளியிட்டார்கள். 100 நாள் வேலைக்குக் கூலி வரவில்லை, ரேஷன் கிடைக்கவில்லை என்பன போன்ற செய்திகள் வந்தன. முடிவில் பொறுப்பான அதிகாரியின் தொலைபேசி எண்ணும் சொல்லப்படும். எங்கோ இருக்கும் கேட்பவர்கள் அந்த அதிகாரியை அழைத்து விவரம் கேட்பார்கள். 2014 இல் 'இண்டெக்ஸ் ஆன் சென்சார்ஷிப்' அமைப்பின் டிஜிட்டல் செயல்பாட்டு விருதும் சவுத்ரிக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு பரிந்துரைப் பட்டியலில் எட்வர்ட் ஸ்னோடனும் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

சற்று யோசித்துப் பாருங்கள். உத்திரமேரூர்ச் சுவரும் 'கணக்குக் காட்டு' என்றது, இந்தத் தொலைபேசியும் அதையேதான் சொன்னது. ஆனால் அன்று கணக்குக் கேட்டவர்கள் நிலம் உள்ளவர்கள். இங்கே கேட்டவர்கள், அன்று குடத்துக்கு வெளியே நின்றவர்களைப் போன்றவர்கள். மனித உரிமை இதழியலுக்கு இதைவிடப் பெரிய புதுமை என்ன இருக்க முடியும்?

கருவி மட்டும் போதாது. மறுமுனையில் கேட்பதற்கும், கேட்டபின் ஓர் அழைப்பு விடுப்பதற்கும் ஆள் வேண்டும்.