நைல் நதிக்கரைக் கோப்தியர்

எகிப்து என்றவுடன் நம் மனக்கண் முன் நிற்பவை கூர்ங்கோபுரங்களும் நைல் நதியும் கெய்ரோ மாநகரின் பள்ளிவாசல் தூபிகளுமே. அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்லாமியர் என்பதை நாம் அறிவோம். ஆனால், இஸ்லாம் அங்குக் கால்கொள்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே வாழ்ந்து வரும் கிறிஸ்தவ மக்களைப் பற்றி நம்மில் பலர் கேட்டதில்லை. கோப்தியர் என்பது அவர்கள் பெயர். எகிப்தியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அராபியர் தம் நாவிற்கேற்பக் 'கிப்த்' என்று வழங்கினர்; அதுவே பின்னர் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து கோப்து ஆயிற்று. ஆக, கோப்தியன் என்றால் எகிப்தியன் என்பதே பொருள். நாட்டின் பெயரே அந்நாட்டுச் சிறுபான்மையோருக்கு உரிய பெயராக எஞ்சி நிற்பது விந்தையன்றோ!

அலெக்சாந்திரியா நகருக்குக் கிறிஸ்தவ சமயத்தைக் கொணர்ந்தவர் மாற்கு என்பது அவர்கள் மரபு. அதே முதல் நூற்றாண்டை ஒட்டித்தான் நம்மவரும் அந்நாட்டுச் செங்கடல் துறைகளுக்குக் கலம் செலுத்தினர். குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறையில் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. இது இடைப்பிறவரல், மேலே செல்வோம்.

கோப்தியரின் ஆண்டுக் கணக்கு கி. பி. 284இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ரோமப் பேரரசின் அரியணை ஏறிய டயோக்ளீஷியன், பின்னர் 303 முதல் கிறிஸ்தவர்களைக் கொடுமைக்கு உள்ளாக்கினான். தம்மை வதைத்தவன் முடிசூடிய ஆண்டையே இவர்கள் தொடக்கமாகக் கொண்டது அவன் பெருமைக்காக அன்று. அவனால் மாண்டோரின் நினைவுக்காக. தியாகிகளின் ஆண்டு என்றே அதற்குப் பெயர். அதன் மாதங்களோ பாரோ மன்னர் காலத்திலிருந்து வருவன: தூத், பாபா, ஹாதூர், கியாக் என்று பெயர் பெற்றவை. காற்று மிகும் மாதம் அம்ஷீர். குளிர் மிகும் மாதம் தூபா. விதைப்பையும் அறுப்பையும் இம்மாதங்களைக் கொண்டே இஸ்லாமிய உழவரும் வழிவழியாகக் கணித்து வந்தனர்.

451இல் கால்சிடோன் சங்கத்தில் கிறிஸ்துவின் இயல்பு பற்றி எழுந்த பிணக்கினால் எகிப்தியத் திருச்சபை பேரரசின் திருச்சபையினின்றும் பிரிந்தது. அதன்பின் கிறிஸ்தவப் பேரரசனின் அதிகாரிகளே அவர்களை ஒடுக்கினர். 639இல் அம்ர் இப்னு அல்-ஆஸ் தலைமையில் அராபியப் படை புகுந்தபோது, கோப்தியரின் தலைமைக் குரு பெஞ்சமின் தலைமறைவாக இருந்தார். அம்ர் அவருக்கு அபயமளித்து மீண்டும் வரவழைத்தார். இதைக் கொண்டு, அராபியரைக் கோப்தியர் மீட்பராக வரவேற்றனர் என்று எழுதுவோர் உளர். அதே நூற்றாண்டில் வாழ்ந்த நிக்கியு நகரத்து ஆயர் யோவான், அப்படையெடுப்பில் மக்கள் பட்ட துயரையும் எழுதி வைத்துள்ளார். ஒன்றை மட்டும் படித்து முடிவு கட்டுதல் தகாது என்பது நம் கருத்து.

புதிய ஆட்சியில் ஜிஸியா என்னும் தலைவரி செலுத்தினால் தம் சமயத்தில் நிலைத்திருக்கலாம். அரசாங்கக் கணக்குகளை எழுதத் தெரிந்தவர் கோப்தியரே ஆதலின், அரசர் மாறினாலும் கணக்கர் மாறவில்லை. எனினும் வரிச்சுமை தாங்காது பன்முறை கிளர்ச்சி செய்தனர். 831இல் கடற்கரைச் சதுப்பு நிலத்துப் பஷ்மூர் மக்கள் எழுந்தபோது, கலீபா மாமூன் தாமே வந்து அதனை அடக்கினார். அதன்பின் சமயம் மாறியோர் தொகை பெருகிற்று.

சமயத்தினும் விரைவாகத் தேய்ந்தது மொழி. கிரேக்க எழுத்துகளோடு, பழைய எகிப்திய எழுத்துகளில் ஆறேழையும் சேர்த்து எழுதப்பெற்றது கோப்தி மொழி. பாரோ காலத்து மொழியின் நேர்வழித் தோன்றல் அது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்க அலுவல்மொழி அரபு ஆயிற்று. பிழைப்புக்கு வேண்டியது அரபு; தொழுகைக்கு மட்டும் கோப்தி. பத்தாம் நூற்றாண்டிலேயே ஆயர்கள் சமய நூல்களை அரபியில் எழுதலாயினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தலைமைக் குரு இரண்டாம் கபிரியேல், மக்கள் பொருளுணருமாறு இறைவேண்டலை அரபியில் கற்பிக்கப் பணித்தார். பதினேழாம் நூற்றாண்டளவில் வீட்டுப் பேச்சினின்றும் அது அறவே அகன்றது. தமிழ் வழங்காத ஊர்களில் மக்களை வளர்க்கும் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், கோயிலில் ஓதப்பெற்ற அந்த மொழியே பின்னர் ஒரு பூட்டைத் திறந்தது. பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன், பாரிஸ் நகரில் வாழ்ந்த கோப்தியப் பாதிரியார் ஒருவரிடம் அதனைப் பயின்றார்; அப்பயிற்சியின் துணையால் 1822இல் பாரோ காலத்துச் சித்திர எழுத்துகளின் மருமத்தை வெளிப்படுத்தினார்.

1855இல் ஜிஸியா நீக்கப்பட்டது. கோப்தியர் படையிற் சேரவும் இடம் பெற்றனர். 1919இல் ஆங்கிலேயரை எதிர்த்தெழுந்த போராட்டத்தில் பிறையும் சிலுவையும் ஒரே கொடியில் பொறிக்கப்பட்டன. செர்கியுஸ் என்னும் கோப்தியப் பாதிரியார் அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் மேடையேறிச் சொற்பொழிவாற்றினார். அந்த ஒற்றுமை முழுமையாக நிலைபெறவில்லை. தேவாலயம் ஒன்று கட்டுவதற்கு நாட்டுத் தலைவரின் ஒப்பம் வேண்டும் என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தது. 2016இல்தான் அதற்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. 1981இல் அதிபர் சாதாத், தலைமைக் குரு மூன்றாம் ஷெனூதாவின் அங்கீகாரத்தை நீக்கினார். அவர் 1985 வரை பாலைவன மடத்தில் அடைபட்டிருந்தார். 2013 ஆகஸ்டில் பல தேவாலயங்கள் தீக்கிரையாயின. 2017இல் குருத்து ஞாயிறன்று தாந்தாவிலும் அலெக்சாந்திரியாவிலும் குண்டுகள் வெடித்தன.

2015 பிப்ரவரியில், கூலி வேலைக்காக லிபியா சென்றிருந்த 20 கோப்தியர், கானா நாட்டவர் ஒருவருடன், கடற்கரையில் கொல்லப்பட்டனர். சொந்த மண்ணில் பிழைக்க வழியின்றி அயல்நாடு சென்றவர்கள் அவர்கள். பலர் மின்யா மாநிலத்து அல்-அவுர் என்னும் ஒரே சிற்றூரினர். எகிப்திய அரசு அவ்வூரில் அவர்கள் நினைவாகத் தேவாலயம் எழுப்ப ஆணையிட்டது. 2018இல் அவர்தம் உடல்கள் லிபியாவினின்று கொணரப்பட்டு அங்கு வைக்கப்பெற்றன. கோப்தியரின் நாட்காட்டியில் அம்ஷீர்த் திங்கள் எட்டாம் நாள் அவர்களுக்குரிய நாளாக இப்போது குறிக்கப்பெற்றுள்ளது.