புதுமைக்குச் சாட்சி எது?

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பங்குத் தந்தை கேட்டபோது, லூர்து மாதாவின் காட்சிகளைப் பற்றி எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பெர்னதெத் விறகு பொறுக்கப் போனது, மசபியேல் குகை, பதினெட்டுக் காட்சிகள் எல்லாம் நம் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஆனால் அங்கே நோய் நீங்கிக் கிடைத்த ஒரு குணம் ‘புதுமை’தான் என்று திருச்சபை எதை வைத்துச் சொல்கிறது? ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியனுக்கு அதை ஆராய்வதுதான் பொருத்தமான வேலை.

யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தை நான் ஒரு விசாரணை அறிக்கையாகவே படிப்பது வழக்கம். பிறவியிலேயே பார்வையற்றவர் சிலோவாம் குளத்தில் கழுவிப் பார்வை பெறுகிறார். அவர்தான் இவர் என்கிறார்கள் சிலர். இல்லை, அவரைப் போன்ற வேறொருவர் என்கிறார்கள் வேறு சிலர். பரிசேயர் அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். போதாதென்று பெற்றோரையும் அழைக்கிறார்கள். ‘எங்கள் மகன்தான், பிறவிக் குருடன்தான், எப்படிப் பார்வை வந்தது என்று எங்களுக்குத் தெரியாது, வயது வந்தவன், அவனையே கேளுங்கள்’ என்று அவர்கள் நழுவிக்கொள்கிறார்கள். ஆள் யார், முன்பிருந்த குறை என்ன, இன்றைய நிலை என்ன ஆகிய மூன்றும் பதிவாகிவிட்டன. பதிய வைத்தவர்கள் சீடர்கள் அல்லர், நம்ப மறுத்தவர்கள்!

லூக்கா 17இல் பத்துத் தொழுநோயாளரைக் குருக்களிடம் போய்க் காட்டச் சொல்கிறார் ஆண்டவர். லேவியர் 14இன்படி, நோய் நீங்கியதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு குருவுடையது. பவுலடியாரும் 1 கொரிந்தியர் 15இல், உயிர்த்த ஆண்டவரை ஒரே நேரத்தில் கண்ட ஐந்நூறுக்கு மேற்பட்டோரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருப்பதைச் சேர்த்து எழுதுகிறார். வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்பதுதானே அதன் பொருள்? இணைச்சட்டம் 13 இன்னும் கண்டிப்பானது: அடையாளம் பலித்தாலும் அதைக் காட்டியவன் பின்னால் போய்விடாதே என்கிறது.

சாட்சியைச் சோதித்துப் பார்க்கும் இந்த மரபுக்குச் சட்ட வடிவம் தந்தவர் புரோஸ்பெரோ லம்பெர்த்தினி. புனிதர் பட்ட வழக்குகளில் எதிர்வாதம் செய்யும் பணியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தவர். பின்னாளில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். தானே தணியும் கட்டத்தில் இருக்கக் கூடாது. மருந்தால் குணமானதாக இருக்கக் கூடாது. சட்டென்று, முழுமையாக நீங்க வேண்டும். திரும்ப வரக் கூடாது. 1734 முதல் 1738 வரை வெளிவந்த அவரது நூலில் உள்ள இந்த அளவுகோல்களைத்தான் லூர்து மருத்துவர்கள் கையாண்டு வந்தார்கள். பத்தாண்டு கழித்து, 1748இல், மெய்யியலாளர் டேவிட் ஹியூம் எழுதினார்: சாட்சி பொய்யாவது அந்தப் புதுமையைவிடப் பெரிய அதிசயமாக இருந்தால்தான் நம்பலாம். தராசு நல்லதுதான். ஆனால் சாட்சியைக் கூண்டில் ஏற்றுமுன்பே அவர் தீர்ப்பெழுதிவிட்டார் என்பது என் எண்ணம்.

லூர்தில் தார்ப் ஆயர் லொரான்ஸ் 1858 ஜூலையில் விசாரணைக் குழு அமைத்தார். 1862 ஜனவரி 18இல் அவர் தீர்ப்பு வெளியிட்டபோது ஏற்கப்பட்ட குணங்கள் ஏழு. 1883இல் அங்கே மருத்துவ அலுவலகம் தொடங்கியது. அன்று முதல் 7,000க்கும் அதிகமானோர் குணம் பெற்றதாக அறிவித்திருக்கிறார்கள். 2025 வரை திருச்சபை புதுமை என்று ஏற்றவை 72. நூற்றுக்கு ஒன்று!

பெல்ஜியத்துப் பீட்டர் டி ருடர் கதை நமக்கு நெருக்கமானது. 1867இல் மரம் விழுந்து இடது கால் முறிந்தது. புண் ஆறவில்லை, எலும்பு கூடவில்லை. பாதத்தைப் பின்பக்கமாகத் திருப்பிக் காட்டுவாராம். காலை எடுத்துவிடலாம் என்றபோது மறுத்துவிட்டார். எட்டாண்டுக்குப் பின், 1875 ஏப்ரல் 7இல், ஊஸ்டாக்கர் என்ற ஊரில் செபித்தவர் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார். அவர் லூர்துக்குப் போகவே இல்லை. நம் பங்கின் கெபியைப் போல லூர்துக் குகையின் சாயலில் கட்டிய ஒரு கெபிதான் அது. 1898இல் இறந்தார், மறு ஆண்டு உடலைத் தோண்டி எடுத்து எலும்பைப் பார்த்தார்கள். முறிந்த இடம் கூடியிருந்தது. ஆனாலும் ஆயர் ஏற்பு தந்தது 1908இல். மருத்துவ வாக்குமூலங்களில் பல பின்னால் எழுதப்பட்டவை என்ற குறை இன்றும் சொல்லப்படுகிறது. குறை உண்மைதான், 1895க்கு முன் எக்ஸ்ரே ஏது?

இதைவிட என்னை ஈர்ப்பது ஏற்கப்படாத ஒரு வழக்கு. 1902 மே மாதம் அலெக்சிஸ் கரேல் என்ற மருத்துவர், காசநோயால் வயிறு வீங்கிச் சாகக் கிடந்த மரி பாயி என்ற பெண்ணோடு லூர்து போனார். ஊற்று நீரை வயிற்றின் மேல் ஊற்றினார்கள். அரைமணி நேரத்துக்குள் வீக்கம் வடிவதைக் கரேல் கண்ணால் பார்த்தார். அந்தப் பெண் பிறகு துறவியாகி 1937 வரை வாழ்ந்தார். கரேல் 1912இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வளவு இருந்தும் திருச்சபை அதைப் புதுமை என்று அறிவிக்கவில்லை. மனக் காரணத்தால் வந்த வீக்கமாக இருக்குமோ என்ற ஐயத்தை அன்றைய மருத்துவக் குறிப்புகள் முழுதாய் நீக்கவில்லை. தனக்குச் சாதகமான சாட்சியையே தள்ளி வைக்கும் இந்த நேர்மையால்தான் ஏற்ற 72ஐ நான் நம்பத் துணிகிறேன்.

நம் கெபிச் சுவரில் ‘நன்றி மாதாவே’ என்ற பளிங்குக் கற்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றிலும் நோயின் பெயர் இல்லை. அன்னையின் பரிந்துரையால் குணம் கண்டவர்களிடம் இந்த எளியவன் கேட்பது ஒன்றே. கல் பதியுங்கள், மெழுகுதிரி ஏற்றுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் மருத்துவச் சீட்டையும் மட்டும் கிழித்துப் போடாமல், அவற்றின் நகலைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.