ரெக்கார்டு நோட்டும் காசிமேட்டு மீனும்

விலங்கியல் ரெக்கார்டு நோட்டை நம்மில் யார் மறந்திருப்போம்? சீனியரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்கப் பென்சிலைச் சீவிச் சீவி, பார்க்காத மீனைப் பார்த்ததுபோல் வரைவோம். அப்படி நான் வரைந்த ஒன்றைக் காசிமேட்டிலிருந்து வந்த வகுப்புத் தோழன் எட்டிப் பார்த்தான். "இது என்ன மீன்டா? எங்கப்பா வலையில இப்படி ஒண்ணு விழுந்ததே இல்லியே!" வகுப்பே சிரித்தது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நாங்கள் படத்தைப் பார்த்துத்தான் படம் போட்டோம்!

பல வருஷம் கழித்து, நம் ஊரின் ஓவிய வரலாற்றைப் படித்தபோது அந்தச் சிரிப்பு மறுபடி காதில் விழுந்தது. நேரில் பார்த்து வரைவதில் சென்னைக்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட பாரம்பரியம் உண்டு.

1801-ல் இங்கே சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக வந்தவர் சர் ஹென்றி குவில்லிம். அவர் மனைவி எலிசபெத் நம் பறவைகளை வரைந்தார். தங்கை மேரி சைமண்ட்ஸ் மீன்களை வரைந்தார். எலிசபெத் 1807-ல் சென்னையிலேயே காலமானார். ஆடுபனின் புகழ்பெற்ற அமெரிக்கப் பறவை ஓவியங்கள் 1827-ல்தான் வெளிவரத் தொடங்கின என்றால், இந்த அம்மாவின் முயற்சி எத்தனை முந்தியது என்று பாருங்கள்! அவருடைய 121 பறவைப் படங்கள் இன்று கனடாவில், மக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பறவையைப் பிடித்து வந்தவர்களும், வலையிலிருந்து மீனைக் கொண்டுவந்தவர்களும் நம்ம ஊர் ஜனங்கள். புகழில் அவர்களுக்குப் பங்கில்லை.

அடுத்த தலைமுறையில் கொஞ்சம் நியாயம் நடந்தது. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களின் 2,101 படங்களைச் சென்னையில் கல்லச்சில் வெளியிட்டார். வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு நம்மவர்கள். அச்சுப் படங்களின் அடியில் அவர்கள் பெயரும் பொறிக்கப்பட்டது. ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் 'கோவிந்தூயியா' என்றே பேர் வைத்தார் வைட்!

1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தன் சொந்தச் செலவில் ஓவியப் பள்ளி தொடங்கியது எங்கே தெரியுமா? நம்ம பிராட்வேயில்தான், ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரிக்கு அதுதான் வேர். அங்கே படித்த மாணவர்களும் கிளெக்ஹார்ன் என்ற தாவரவியலாளருக்காகச் செடிகொடிகளை வரைந்தார்கள். அந்தப் படங்கள் இப்போது எடின்பரோவில்.

ஆக, நம் ஊர்ப் பறவை மாண்ட்ரியலில், நம் ஊர்ச் செடி எடின்பரோவில். நம் கல்லூரி வராந்தாவில் என்ன இருக்கிறது? முன்னாள் முதல்வர்களின் போட்டோக்கள்!

இது ஆதங்கம் மட்டுமல்ல, அவசரமும்கூட. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்களின் வெள்ளை இறகு கறுத்துப்போனதை நாமெல்லாம் பார்த்தோம். மடவை, கிழங்கான், பச்சை நண்டு, அலையாத்தி, உமரி... இவற்றை அடையாளம் காட்டப் பெரியவர்கள் இருக்கும்போதே வரைந்து வைக்க வேண்டாமா?

அதனால் இந்த மலர் வழியாக ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்புக்கு முன் மாணவர்கள் எண்ணூருக்கும் காசிமேட்டுக்கும் திருவொற்றியூர்க் குப்பங்களுக்கும் போகட்டும். அங்குள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து, கண்ணால் பார்த்ததை வரையட்டும். கை கோணினால் பரவாயில்லை. தாளும் கலரும் நம் சங்கத்தின் பொறுப்பாகட்டும். படங்களை வராந்தாவில் மாட்டி, குப்பத்து மக்களையும் திறப்பு விழாவுக்கு அழைப்போம். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு படத்தின் அடியிலும் இரண்டு பெயர் இருக்க வேண்டும். ஒன்று வரைந்தவர் பெயர். மற்றொன்று, அது என்ன உயிர் என்று சொல்லிக் கொடுத்தவர் பெயர்.

என் முதல் படத்தை நானே வரையப் போகிறேன். காசிமேட்டு நண்பா, இந்த முறை நீ மீனைக் கொண்டு வா. கையெழுத்தும் போட்டுவிட்டுப் போ!