வயல் இருந்தது, வயிறு காய்ந்தது

ஜாவாத் தீவின் சிற்றூரிலே, நிலம் வைத்திருந்தவன் பேறு பெற்றவன் என்றா எண்ணுகிறீர்கள், தோழர்களே? 1830-இல் டச்சு ஆளுநர் வான் டென் போஷ் புகுத்திய கட்டாயப் பயிர்முறை, விளைநிலத்தில் ஐந்திலொரு பங்கைக் கரும்புக்கும் அவுரிக்கும் ஒதுக்கச் சொன்னது. ஏட்டிலே ஐந்திலொன்று, நடப்பிலோ பல ஊர்களில் அதனினும் மிகுதி! வயலில் பங்கு பெற்றவன் தலையில்தான் கட்டாய ஊழியமும் விழுந்தது. ஆகவே நெல்வயலைப் பொதுவாக்கிப் பலருக்கும் பங்கிட்ட ஊர்கள் உண்டு. பங்கிட்டது செல்வத்தையன்று, சுமையை! நிலமற்றவன் பிறர் மனைக்கொல்லையில் குடிசை போட்டான். ஊர்த்தலைவனுக்கோ பதவிக்கென மானிய வயல். ஏற்றுமதி விளைச்சலுக்கேற்பத் தரகு வேறு. அவனும் ஜாவாக்காரன்தான், மறைப்பானேன்? 1849, 1850-இல் டெமாக், குரோபோகான் வட்டாரங்களில் பஞ்சம் பல்லாயிரவரை மாய்த்தது, நெல் விளைந்த மண்ணிலே! அப்போதும் சர்க்கரை மூட்டைகள் ஆலந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன.