வாசலைத் தாண்டாத குதிரை

ஓசூர் சிப்காட்டில் ஒரு ட்ரெய்லர் யார்டில் என் மாமா பல வருஷம் வண்டி ஓட்டினார். எல்லாம் கேட்டுக்கு உள்ளேதான். பெங்களூரு சாலையில் வரும் லாரிகள் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டுப் போகும். சின்ன டிராக்டரில் அதைக் கோத்து, சரக்கு இறக்கும் பிளாட்பாரத்தில் சேர்ப்பது அவர் வேலை. "நாள் பூரா ஓட்டறேன், ஒரு ஊருக்கும் போய்ச் சேரல" என்று சிரிப்பார்.

இந்த வேலையை முன்பு செய்தது குதிரை. பிரிட்டிஷ் ரயில் நிலையங்களில் சரக்கு வண்டிகளை அதுதான் இழுத்தது. அதற்கு மாற்றாக ஸ்கேமல் நிறுவனம் 1934இல் கொண்டுவந்த மூன்று சக்கர வண்டிக்குப் பெயரே 'மெக்கானிக்கல் ஹார்ஸ்'. முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால், குதிரை திரும்பும் சந்தில் இதுவும் திரும்பும். பின்னால் வந்து முட்டினால் ட்ரெய்லர் தானே பூட்டிக்கொள்ளும். ஒரு ட்ரெய்லரில் சரக்கு ஏறும் நேரத்தில் வண்டி அடுத்ததை இழுக்கப் போய்விடும். காத்திருப்பது ட்ரெய்லர் மட்டும்தான்; லாபம் அங்கேதான்.

1955இல் ஸ்கேமலை லேலண்ட் வாங்கியது. அதே ஆண்டு நம்மூர் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆனது. 1980இல் அதன் ஓசூர் தொழிற்சாலை வந்தது. வேறு ஆலைகளும் பெருகி, யார்டுகள் நிறைந்தன.

வண்டி நிற்கக் கூடாது என்றால் ஓட்டுபவரும் நிற்க முடியாது. மாமாவுக்கு முதுகு போனது அப்படித்தான். பிறகு லாரி ஓட்டும் வேலை கேட்டபோது, "ரோட்ல எத்தனை வருஷ அனுபவம்?" என்றார்களாம். யார்டு வருஷங்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மெக்கானிக்கல் ஹார்ஸ் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "குதிரைன்னா தண்ணி காட்டவாவது நிறுத்தியிருப்பாங்கடா."